ரிவால்வர் ஒன்று, தோட்டா இல்லை

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள், பந்தல் பிரிக்கிற சத்தத்துக்கு நடுவில் தம்பி கேட்டான்: "அண்ணே, அந்தச் சாமான இன்னா பண்றது?"

எங்கள் வீட்டில் அதை யாரும் ரிவால்வர் என்று சொன்னதில்லை. சாமான்தான். அம்மா மட்டும் "அது" என்பாள். நெல்லிக்குப்பம் வீட்டு மரபீரோவின் மேல்தட்டில், வெடித்துப்போன தோல் உறைக்குள் அறுபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அது இருந்தது. பிர்மிங்காமில் செய்த வெப்ளி அண்ட் ஸ்காட், .32. மேலே இருக்கும் கொக்கியை அழுத்தினால் குழல் முன்பக்கமாக மடங்கி, ஆறு அறைகளும் பின்பக்கம் திறந்துகொள்ளும். 1966-ல் அப்பா அதை மெட்ராஸில் பழையதாக வாங்கினார். கரும்புப் பணத்தை ரொக்கமாக எடுத்துக்கொண்டு வரவேண்டியிருந்த காலம், பாதுகாப்புக்கு என்பார். அந்தஸ்துக்கும்தான் என்று எனக்குத் தோன்றும். 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டு நம் ஆட்களை லைசென்ஸ் கேட்டு நிற்க வைத்த சட்டம். அது போய் 1959-ல் புதுச்சட்டம் வந்தது. ஆனாலும் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர் என்றால் ஊரில் தனி மரியாதை. ஆலைச் சங்கு சத்தத்தில் எழுந்து வெல்லப்பாகு வாசனையில் தூங்குகிற ஊரில், ஒரு கரும்பு விவசாயிக்கு அந்த மரியாதை தேவைப்பட்டிருக்கும்.

ஆள் போய்விட்டால் அவர் லைசென்ஸும் அவரோடு போய்விடும். அதற்கப்புறம் அந்தச் சாமான் வீட்டில் இருப்பதே குற்றம். தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசுகள் குறித்த காலத்துக்குள் தங்கள் பெயரில் லைசென்ஸ் வாங்கி மீட்கலாம், அல்லது உரிமை உள்ள வேறொருவருக்கு விற்கலாம். எதுவும் செய்யாவிட்டால் அரசுக்குப் போய்விடும். அன்று சாயந்தரமே ஸ்டேஷனுக்குப் போனோம். உறையிலிருந்து எடுத்துக் காலியாக இருக்கிறதா என்று பார்த்தேன். காலிதான். சுத்தி தொளதொளவென்று ஆடியது, உள்ளே ஸ்பிரிங் உடைந்திருந்தது. உருளையிலும் ஆட்டம். கை பரபரத்தது.

நெய்வேலி சுரங்கத்தில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவன் நான். நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண்ணை வெட்டும் ஜெர்மன் ராட்சத எந்திரங்களின் பல் தேயும். கடலூர் மணற்கல் அப்படிப்பட்டது. தேய்ந்த பல் பட்டறைக்கு வந்தால் எங்களுக்குள் ஒரே கேள்விதான்: வெல்டிங் வைத்து ஏற்றுவதா, வேறு இடத்துக்குத் தோதாக மாற்றுவதா, கழித்துக் கட்டுவதா? பத்து நிமிஷத்தில் முடிவு சொல்லிவிடுவேன். இந்த ஸ்பிரிங்கையும் பட்டைக் கம்பியில் அடித்துப் போட ஒரு பகல் போதும். ஆனால் துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். இல்லாதவன் கைவைத்தால் ஜெயில். ஸ்டேஷன் ரைட்டர் நம்பரைச் சரிபார்த்து எழுதிவிட்டு, "தோட்டா?" என்றார். "இல்லை சார்" என்றேன். எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் லைசென்ஸ் புத்தகத்தின் ஜெராக்ஸையும் போனில் எடுத்த படங்களையும் எடுத்துக்கொண்டு சென்னையில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் வயசானவர், படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். "உங்க பேருக்கு லைசென்ஸ் வாங்குங்க, பயிற்சி சர்டிபிகேட், போலீஸ் விசாரணை எல்லாம் இருக்கு. அப்புறம் கொண்டாங்க, ஓட வைக்கிறேன். சுடவே வேணாம், ஷோகேஸ்ல வைக்கணும்னா முறைப்படி செயலிழக்கப் பண்ணலாம். குழாயை அடைச்சிட்டா அப்புறம் அது பொம்மை." கொஞ்சம் நிறுத்தி, "குடுக்கறதா இருந்தா இப்பவே பேசலாம்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். தனியார் துப்பாக்கி இறக்குமதி செய்வதை 1980-களின் நடுவில் அரசு நிறுத்திவிட்டது. அதனால் அதற்கு முன் வந்த சீமைத் துப்பாக்கிகளுக்குத் தங்கத்தைப் போல ஒரு விலை. ஸ்பிரிங் உடைந்திருந்தாலும் பெயர் உடையவில்லையே. வேண்டுமானால் இதைக் கொடுத்துவிட்டுக் கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் புது .32 எடுத்துக்கொள்ளலாம் என்றார். அதுவும் வெப்ளியைப் பார்த்து வந்த வடிவம்தான். அசலை விற்று நகலை வாங்குவது எனக்கு வேடிக்கையாகப் பட்டது. தம்பிக்கு அப்படிப் படவில்லை. அவன் மகள் இன்ஜினியரிங் சேர இருந்தாள். அவன் கணக்கில் தப்பு இல்லை.

எனக்கோ செயலிழக்கப் பண்ணி வைத்துக்கொள்ள ஆசை. நெய்வேலியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்தில் கட்டிய வீட்டின் ஹாலில், அப்பா படத்துக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி. வைக்கிற இடத்தைக்கூட அளந்துவிட்டேன்.

விண்ணப்பத்துக்குப் பழைய காகிதங்கள் வேண்டியிருந்தது. அப்பா எதையும் தூக்கிப் போடமாட்டார். ஒரு மஞ்சப்பை நிறைய ரசீது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் திரும்ப வாங்க வேண்டும். அந்த ஒப்புகைச் சீட்டுகளை வருஷவாரியாக நூல் போட்டுக் கட்டியிருந்தார். தரையில் பரப்பி உட்கார்ந்தேன். 1991-ம் வருஷத்துச் சீட்டில் 'தென்னாற்காடு மாவட்டம். ரிவால்வர் 1, தோட்டா 6.' 1996-ம் வருஷத்துச் சீட்டில் 'தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம். ரிவால்வர் 1, தோட்டா இல்லை.' மாவட்டம் பிரிந்ததும், பெயர் மாறியதும், அப்புறம் வெறும் கடலூர் ஆனதும் சரி. தோட்டா எங்கே? அதற்குப் பின்னால் எத்தனை தேர்தல் வந்ததோ, அத்தனை சீட்டிலும் 'இல்லை'. லைசென்ஸ் புத்தகத்தில் தோட்டா வாங்கிய பக்கத்தைப் பார்த்தேன். 1966-ல் பத்து. அதன் கீழே ஒரு வரியும் இல்லை. அந்தப் பத்தில் நான்கை நரி விரட்டவும் ஆசைக்கும் கொல்லையில் சுட்டதாக அப்பாவே சொல்லியிருக்கிறார்.

அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டேன். கீரையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்.

"கெணத்துல போட்டேன்."

எப்போது என்றேன்.

"கரும்பு செவந்து போன வருஷம்."

எனக்குப் புரிந்தது. கடலூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த கோ.சி. 671, எண்பதுகளில் எல்லோரையும் தூக்கிவிட்ட ரகம். சீக்கிரம் முற்றும், சர்க்கரைச் சத்தும் அதிகம். ஆனால் செவ்வழுகல் நோய்க்கு நிற்காது. வெளியே பார்த்தால் தோகை கொஞ்சம் மஞ்சளித்திருக்கும், அவ்வளவுதான். கரும்பை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே ரத்தச் சிவப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு, சாராயம் மாதிரிப் புளித்த வாடை. அந்த வருஷம் எங்கள் கொல்லை முழுக்க அப்படித்தான். சொசைட்டிக் கடன், கைமாற்று, அக்கா கல்யாணத்துக்கு வாங்கியது எல்லாம் சேர்ந்து நின்றது. நான் அப்போது நெய்வேலியில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டி வழியாக பஸ் பிடித்து வந்து, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறேன். பலாப்பழம்கூட வாங்கி வந்த ஞாபகம்.

"கொல்லையில கரும்பப் பொளந்து பாத்துட்டு வந்தவரு சோறு திங்கல. நடுராத்திரி முழிச்சிப் பாத்தா, சிம்னி வெளக்குல அத மடியில வச்சிக்கிட்டு எண்ண போட்டுத் தொடச்சிக்கிட்டு இருக்காரு. இன்னாங்கன்னேன். துரு புடிக்குதுன்னாரு. அவரு வெளிய போன நேரம் பாத்து ஆறையும் முந்தானையில முடிஞ்சி கெணத்துல போட்டுட்டேன்."

"அப்பா கேக்கலையா?"

"கேக்கல. நானும் சொல்லல. மறுநா காலையில கெணத்தடியில நின்னு ரொம்ப நேரம் உள்ள எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்பறம் குளிச்சிட்டு பேங்குக்குப் போனாரு."

கீரைக் காம்பை ஓரமாக ஒதுக்கினாள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகும் அப்பா விடாமல் லைசென்ஸைப் புதுப்பித்திருக்கிறார். தேர்தல்தோறும் வெறும் ரிவால்வரைத் துணிப்பையில் போட்டு ஸ்டேஷனுக்கு நடந்திருக்கிறார். கடைக்குப் போனால் தோட்டா கிடைத்திருக்கும். லைசென்ஸில் இடமும் இருந்தது. முப்பது வருஷத்துக்கு அவர் ஒன்றுகூட வாங்கவில்லை. ஸ்பிரிங் எப்போது உடைந்தது என்று யாருக்கும் தெரியாது. அவர் அதைச் சரிபண்ணவும் கொண்டுபோகவில்லை.

கண்ணாடிப் பெட்டி விஷயத்தை அதற்குமேல் நான் பேசவில்லை. தம்பியை வரச் சொல்லி, அம்மா எதிரிலேயே விற்பதைப் பற்றிக் கேட்டோம். அம்மா தொகையைக் கேட்கவில்லை.

"வித்தா அது இன்னொரு வூட்டுக்குத்தான போவும்?" என்றாள். "அந்த வூட்லயும் ஒரு பொம்பள இருப்பா இல்ல?"

தம்பி எழுந்து போய்விட்டான். மூன்று வாரம் போன் இல்லை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிற இடத்தில் மூத்தவனாக இருப்பது கொடுமை. அவன் மகள் பீஸில் ஒரு பங்கை நான் தருவதாகச் சொல்லிப் பார்த்தேன், அதுக்காகச் சொல்லலண்ணே என்று கோபித்துக்கொண்டான். கடைசியில் ஒரு சனிக்கிழமை அவனே வந்து, ஒன்றும் பேசாமல், வாரிசுகள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். அம்மாவுக்கும் எழுதத் தெரியும், கொஞ்சம் கை நடுங்கும். எங்களுக்கு வேண்டாம், அரசே எடுத்துக்கொள்ளட்டும் என்று மூன்று பேரும் எழுதிக் கொடுத்தோம்.

மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீசில் மனுவைக் கொடுத்துவிட்டு, பிறகொரு நாள் ஸ்டேஷனுக்கும் போனேன். ரைட்டர் மாறியிருந்தார். புதியவர் சின்னப் பையன். உறையிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "செம பீஸ் சார், ஏன் விட்டீங்க?" என்றான். ஸ்பிரிங் உடைஞ்சிடுச்சி தம்பி என்றேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "சீட்டு குடுத்தானா?"

குடுத்தான்மா என்றேன். வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். மஞ்சப்பையை எடுத்து வரச் சொன்னாள். நூலை அவிழ்த்து, மற்றச் சீட்டுகளோடு சேர்த்துக் கட்டி வைத்தாள்.