வறுமை காவல் காத்த வீதி

‘ஹாரி பாட்டர்’ ரசிகர்களுக்கு காட்ரிக்ஸ் ஹாலோ நினைவிருக்கும். ஹாரியின் பெற்றோர் வாழ்ந்து, கொல்லப்பட்ட ஊர். 2010-ல் வெளிவந்த ‘டெத்லி ஹாலோஸ்’ முதல் பாகத்தில் அந்த ஊராகத் திரையில் தெரிவது, இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் இருக்கும் லாவென்ஹாம். லண்டனுக்கு வடகிழக்கே, காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். படம் பார்த்தவர்களில் பலர் அதை செட் என்றே நினைத்திருப்பார்கள். முழுவதும் செட் இல்லை. அந்த ஊர் வீடுகளே அப்படித்தான்.

இங்கிலாந்தில் ஹை ஸ்ட்ரீட் என்றால் ஊரின் கடைத்தெரு. லாவென்ஹாமின் ஹை ஸ்ட்ரீட் சரிவில் இறங்கிப் போகும் தெரு. இரண்டு பக்கமும் மரச்சட்டம் கோத்துக் கட்டிய வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒரு வீட்டின் மாடி, தெருவை எட்டிப் பார்ப்பதுபோல முன்னால் துருத்திக்கொண்டிருக்கிறது. இன்னொரு வீடு பக்கத்து வீட்டின் மேல் சாய்ந்து, ஏதோ ரகசியம் சொல்கிறது. ஆரஞ்சு நிறத்தில் ஒன்று இருக்கிறது. அதன் பெயரே ‘கோணல் வீடு’. ‘கோணல் மனிதன்’ என்ற ஆங்கிலக் குழந்தைப் பாட்டே எங்கள் ஊரிலிருந்து பிறந்ததுதான் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். ரசமட்டத்தோடு ஒரு கொத்தனார் இந்தத் தெருவுக்குப் போனால், தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்.

இரண்டாயிரம் பேர்கூட இல்லாத இந்த ஊரில், சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் மட்டும் 300-க்கு மேல். இவற்றில் பல, 500 வருடங்களைத் தாண்டியவை. இத்தனை வீடுகள் ஒரே இடத்தில் எப்படித் தப்பின? யாரோ பொத்திப் பொத்திப் பாதுகாத்தார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு.

முதலில் அந்தக் கோணலைப் பார்த்துவிடலாம். தச்சர்கள் ஒன்றும் கைத்திறன் இல்லாதவர்கள் அல்ல. அவர்கள் பயன்படுத்தியது பச்சை ஓக் மரம். வெட்டிய ஈரம் காயாத மரம்தான் செதுக்க மெத்தென்று இருக்கும். காய்ந்த ஓக் இரும்பு மாதிரி, உளியை உடைத்துவிடும். அதனால் ஈரமாக இருக்கும்போதே சட்டங்களை அறுத்து, துளையும் கழுந்தும் போட்டு, மர ஆணி அடித்துக் கோத்துவிடுவார்கள். வீடு எழும்பி, குடும்பம் குடியேறிய பிறகு மரம் மெதுவாகக் காயும். சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். மூட்டுகள் இறுகும்; கூடவே சுவரும் வளையும். பின்னாளில் யாரோ வாசலை அகலப்படுத்த ஒரு தூணை வெட்டியிருப்பார்கள், அடிச்சட்டம் ஈரத்தில் உளுத்திருக்கும். எல்லாம் சேர்ந்ததுதான் இன்றைய கோணல். ஓக் சட்டகம் வளைந்துகொடுக்கும், அவ்வளவு எளிதில் விழாது.

ஒரு வீட்டின் சட்டங்கள் முழுவதையும் முதலில் தரையில் படுக்க வைத்துப் பொருத்திப் பார்ப்பார்கள். பிறகு கழற்றி, மனைக்குக் கொண்டுவந்து தூக்கி நிறுத்துவார்கள். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று தெரிய வேண்டுமே? அதற்காக மூட்டின் இரண்டு பக்கமும் ரோமன் எண்களைக் கீறி வைத்தார்கள். நேர்க்கோடுகளை உளியால் கீறுவது சுலபம் என்பதால் ரோமன் எண். அந்தக் கீறல்கள் பழைய வீடுகளில் இன்றும் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் பின்னிப் படல் கட்டி, களிமண்ணோடு வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு அடித்தால் சுவர் தயார்.

லாவென்ஹாம் வீடுகளை உற்றுப் பார்த்தால், செங்குத்துச் சட்டங்கள் மிக நெருக்கமாக இருப்பது தெரியும். வீடு நிற்க அத்தனை சட்டம் தேவையே இல்லை. கல்யாண வீட்டில் இருக்கிற நகையை எல்லாம் கழுத்தில் அடுக்கிக்கொண்டு வருவதுபோலத்தான். ஓக் விலை அதிகம். யார் வீட்டில் சட்டம் நெருக்கமாக இருக்கிறதோ அவர் பணக்காரர்.

பணம் கம்பளித் துணியிலிருந்து வந்தது. ஆட்டு ரோமத்தை நூற்று, நெய்து, நீலச் சாயம் ஏற்றி விற்ற ஊர் இது. ‘லாவென்ஹாம் நீலம்’ என்றே அந்தத் துணிக்குப் பெயர். சாயம் வோட் என்ற செடியின் இலையிலிருந்து எடுத்தது. நம் ஊர் அவுரியில் இருக்கும் அதே நீலப்பொருள்தான் வோடிலும் இருக்கிறது, அளவு குறைவு. பிற்காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன அவுரி நீலம், ஐரோப்பா முழுக்க வோட் வியாபாரத்தைப் படுக்க வைத்தது தனிக் கதை.

1524-ம் ஆண்டின் வரிக்கணக்கில், இங்கிலாந்தின் மிகப் பணக்கார ஊர்கள் பதினைந்துக்குள் லாவென்ஹாம் வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு இறந்த தாமஸ் ஸ்பிரிங் என்ற துணி வியாபாரி, பிரபுக்கள் குடும்பத்தில் பிறக்காதவர்களில் நாட்டிலேயே பெரிய செல்வந்தர்களில் ஒருவர். ஊர்த் தேவாலயத்தின் 141 அடி கோபுரத்தில் அவர் குடும்பத்துப் பணமும் இருக்கிறது.

ஆனால், அதே தெருவில் நூற்றவர்களும் நெய்தவர்களும் இருந்தார்கள். 1525-ல் மன்னர் எட்டாம் ஹென்றி, பிரான்ஸ் மீது போர் தொடுக்கப் புதிதாக ஒரு வரி கேட்டார். பெயர் என்னவோ ‘அன்புக் காணிக்கை’ என்கிற மாதிரி. வரி கட்டிவிட்டால் உங்களுக்கு வேலை கொடுக்கப் பணமில்லை என்று முதலாளிகள் கையை விரிக்க, சுற்று வட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கான நெசவாளர்கள் லாவென்ஹாமில் திரண்டார்கள். கிளர்ச்சிக்கு அடையாளமாகத் தேவாலய மணி ஒலிக்க வேண்டும். மணி நாக்கை ஒரு பணக்கார வியாபாரி முன்கூட்டியே கழற்றிவிட்டதால் ரத்தக்களறி தவிர்ந்தது என்பது ஊர்க்கதை. அடக்க வந்த பிரபு, உங்கள் தலைவன் யார் என்று கேட்டாராம். எங்கள் தலைவன் வறுமைதான் என்று பதில் வந்ததாக அந்தக் கால வரலாற்று நூல் பதிவுசெய்திருக்கிறது. மன்னர் பின்வாங்கினார். வரி ரத்தானது.

அதே வறுமை சில பத்தாண்டுகளில் ஊர் முழுவதற்கும் வந்து சேர்ந்தது. தடித்த நீலக் கம்பளிக்கு ஐரோப்பியச் சந்தையில் மவுசு போனது. மதக் கலவரத்துக்குத் தப்பி நெதர்லாந்துப் பக்கமிருந்து வந்த அகதிகள், சற்றுத் தொலைவில் இருக்கும் கோல்செஸ்டரில் குடியேறி, இன்னும் மெல்லிய துணியைக் குறைந்த விலையில் நெய்தார்கள். லாவென்ஹாம் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 1530 வாக்கில் பணக்காரச் சங்கம் ஒன்று சந்தை மைதானத்தில் கட்டிய கில்ட்ஹால் என்ற ஆடம்பர மண்டபம், பின்னாளில் சிறையானது. அப்புறம் ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதியானது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 18-ம் நூற்றாண்டில் பணமிருந்த ஊர்களில் எல்லோரும் மரவீட்டை இடித்துவிட்டு, நேர்க்கோடு பிசகாத செங்கல் வீடு கட்டினார்கள். அதுதான் அன்றைய நாகரிகம். லாவென்ஹாம்காரர்களுக்கும் ஆசை இல்லாமல் இருந்திருக்காது. கையில் காசு இல்லை. கொஞ்சம் வசதி இருந்தவர்கள் முன்பக்கம் மட்டும் செங்கல் வைத்து மறைத்தார்கள். மற்றவர்கள் சட்டத்தின் மேல் காரை பூசிக்கொண்டார்கள். பெரிய வீடுகளைத் தடுத்துத் தடுத்து, பல ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. ஊர் பணக்கார ஊராகவே இருந்திருந்தால், இன்று பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது.

‘ட்விங்கிள் ட்விங்கிள் லிட்டில் ஸ்டார்’ எழுதிய ஜேன் டெய்லர் சிறுமியாக வளர்ந்ததும் இந்த ஊரில்தான், ஷில்லிங் தெருவில். பாட்டு அச்சில் வந்தது 1806-ல். அப்போது குடும்பம் லாவென்ஹாமை விட்டுப் போயிருந்தது.

செல்ஃபியில் அழகாக விழும் இன்றைய தோற்றத்திலும் பாதி, சமீப காலத்து வேலை. 19-ம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பழமை மேல் மோகம் வந்தபோது, காரையைச் சுரண்டிச் சட்டங்களை வெளியே காட்டினார்கள். மரத்துக்குக் கறுப்பு, சுவருக்கு வெள்ளை என்ற ஜோடியும் இங்கிலாந்தில் பெரும்பாலும் அந்தக் காலத்து ரசனைதான். லாவென்ஹாமில் பல வீடுகளில் மரம் கறுப்பில்லை. சாம்பல் பூத்த வெள்ளியாக, சில இடங்களில் சுண்ணாம்புக்கு அடியில் மங்கலாகத் தெரிகிறது. பார்க்க இதுதான் அழகு.

மோகம் வந்ததும் ஆபத்தும் வந்தது. மரச்சட்ட வீட்டைக் கழற்றி வேறு இடத்தில் பூட்டிவிடலாம் அல்லவா? 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஊல் ஹால்’ என்ற பழைய மண்டபத்தை அப்படித்தான் கழற்றினார்கள். ஊர்க்காரர்கள் கொதித்தெழ, போன சட்டங்கள் திரும்பி வந்தன. மண்டபம் மறுபடி எழுந்தது. இப்போது அது ஒரு ஹோட்டலின் பகுதி. 1960-களில் தெருவிலிருந்த கம்பங்களைப் பிடுங்கி, கம்பிகளைத் தரைக்கடியில் புதைத்தார்கள். இன்று கேமராக்காரர்கள் சுலபமாக வேறு நூற்றாண்டுக்குள் நுழைய முடிவது அதனால்தான்.

குடியிருப்பவர்களுக்கு அவ்வளவு சுலபமில்லை. பாதுகாக்கப்பட்ட வீட்டின் அடையாளத்தை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். ஜன்னலை மாற்றுவது, உள்சுவரை எடுப்பது எல்லாமே இதில் அடக்கம். அனுமதி இல்லாமல் செய்தால் அது கிரிமினல் குற்றம்; இரண்டு வருடம் வரை சிறைகூட உண்டு. குளிர்நாட்டில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடுவதற்கே போராட்டம். இதில் வரி வேறு. அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு இருந்த வாட் வரி விலக்கை 2012-ல் அரசு எடுத்துவிட்டது. புது வீடு கட்டினால் வாட் வரி பூஜ்யம். 500 வருட வீட்டைச் சரிசெய்தால் 20 சதவிகிதம். பழசைக் காப்பாற்று என்று ஒரு கை சட்டம் போட, மறு கை அபராதம் வாங்குவதுபோல இருக்கிறது.

பாசத்தோடு செய்த ரிப்பேரும் கெடுதல் செய்திருக்கிறது. 20-ம் நூற்றாண்டில் பலர் சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் பூசினார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது, விரிசல் வழியே இறங்கிய மழைநீர் உள்ளேயே தங்கி, ஓக் சட்டத்தை வெளியே தெரியாமல் உளுக்க வைக்கும். இப்போது விவரம் தெரிந்தவர்கள் சிமென்ட்டைப் பெயர்த்துவிட்டு மறுபடி சுண்ணாம்புக்குத் திரும்புகிறார்கள். அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும், பணம் வேண்டும்.

அந்தப் பணம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் இன்றைய கேள்வி. ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த வீடுகள் இப்போது ஏழைகள் கிட்டே நெருங்க முடியாத விலை. சில வீடுகள் விடுமுறை வாடகைக்குப் போகின்றன. வார இறுதியில் விளக்கெரியும், திங்கட்கிழமை அணைந்துவிடும். ஆனால் லாவென்ஹாம் அருங்காட்சியகம் அல்ல. அங்கே ஓர் ஆரம்பப் பள்ளி நடக்கிறது, அதற்குப் பிள்ளைகள் வேண்டும்.

அதனால் ஊர்க்காரர்களே நில அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார்கள். ஊரோடு தொடர்புள்ள, பெரிய சம்பளம் இல்லாத குடும்பங்களுக்கு என்று சில புதிய வீடுகளும் எழும்பின. அவற்றைப் படமெடுக்க யாரும் பஸ் பிடித்து வருவதில்லை. ரசமட்டம் வைத்துக் கட்டிய, நேரான சுவர்கள்.