முதற்கதிரைத் தேடி

கிறிஸ்மஸ் டிசம்பர் 25-ஐ விட்டு நகர்வதில்லை. ஈஸ்டர் மட்டும் ஏன் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுகிறது? 2024-இல் மார்ச் 31, 2025-இல் ஏப்ரல் 20, 2026-இல் ஏப்ரல் 5. அப்பா கார்த்திகையில் காலமான பிறகு வந்த லெந்து நாட்களில் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. உயிர்த்தெழுதலை வாய் அறிக்கையிடும், நெஞ்சு ஒட்டாமல் கிடக்கும். அந்த நம்பிக்கையின் வேரைத் தோண்டிப் பார்க்கத் துணிவில்லாமல், அதன் தேதி எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

கணக்கு சீக்கிரமே பிடிபட்டது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். ஆகவே மார்ச் 22-க்கு முந்தாது, ஏப்ரல் 25-ஐத் தாண்டாது. அந்தப் பௌர்ணமியும் வானத்தைப் பார்த்துக் குறிப்பதல்ல, 19 ஆண்டுச் சுழற்சியில் கணித்து வைத்தது. எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்ற முடிவு 325-இல் நிக்கேயா சங்கத்தில் எடுக்கப்பட்டது.

அப்படியானால் அதற்கு முன்பு ஒரே நாளாக இருக்கவில்லை. ஆசியா மைனர் சபைகள் யூதர்களின் பஸ்கா நாளான நிசான் 14-ஐப் பிடித்துக்கொண்டன. கிழமை எதுவானாலும் சரி. ரோமாபுரி ஞாயிறை விடவில்லை. சுமார் 155-இல் சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப், தள்ளாத வயதில், இதைப் பேசவே ரோமாபுரிக்குப் போனார். அங்கே ஆயராக இருந்தவர் அனிசேத்துஸ். இருவரும் பேசினார்கள், ஒருவரும் இறங்கி வரவில்லை. ஆனாலும் அனிசேத்துஸ் தம் சபையிலேயே நற்கருணை ஆராதனையை நடத்தும் கனத்தைப் பொலிகார்ப்புக்குக் கொடுத்தார். சமாதானமாகவே பிரிந்தார்கள். இந்தச் செய்தி ஐரேனியுஸ் எழுதிய கடிதத்தில் இருந்தது. யூசேபியுஸ் அதைத் தம் திருச்சபை வரலாற்றில் காத்துவைத்தார். அதற்காக அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். தேதியில் இத்தனை பிடிவாதமாக இருந்தவர்கள், அந்த நாள் சொல்லும் செய்தியில் கொஞ்சமும் ஐயமில்லாமல் இருந்திருக்கிறார்கள்.

நிசானுக்குப் பின்னால் போனால் வயல் வருகிறது. யாத்திராகமம் அந்த மாதத்தை ஆபீப் என்கிறது. வாற்கோதுமை கதிர் பிடிக்கும் மாதம். சந்திர மாதங்கள் பருவத்தை விட்டு விலகும்போது யூத மூப்பர்கள் பயிரையும் மரங்களின் கனிகளையும் பார்ப்பார்கள். பருவம் இன்னும் வரவில்லை என்று கண்டால் ஆண்டில் ஒரு மாதத்தைக் கூட்டிவிடுவார்கள். பண்டிகை பயிருக்காகக் காத்திருந்தது.

லேவியராகமம் 23-ஆம் அதிகாரம் அந்த அறுப்பின் முதல் கதிர்க்கட்டைப் பற்றிப் பேசுகிறது. ஆசாரியன் அதைக் கர்த்தருடைய சந்நிதியில் அசைவாட்ட வேண்டும். அதுவரை புதுத் தானியத்தில் அப்பமோ, வறுத்த கதிரோ, பச்சைக் கதிரோ எதையும் வாயில் வைக்கக் கூடாது. ஒரு கட்டு கையில் இருக்கிறது, மீதி அத்தனையும் இன்னும் வயலில் நிற்கிறது. கொரிந்து சபைக்கு எழுதும்போது, கல்லறையிலிருந்து எழுந்த இயேசுவைப் பவுல் முதற்பலன் என்றது இதை மனத்தில் வைத்துத்தான். பவுலின் அந்த அதிகாரத்தைச் சிறுவயது முதல் எத்தனையோ அடக்க ஆராதனைகளில் கேட்டிருக்கிறேன். அப்பாவின் அடக்கத்திலும் வாசித்தார்கள். முதற்பலன் என்றால் பின்னால் அறுப்பு உண்டு என்பது இப்போதுதான் உறைத்தது. அந்த வயலில் அப்பாவும் இருக்கிறார்.

எங்கள் தேரிக்காட்டில் வாற்கோதுமை ஏது? செம்மணலும் பனையும்தான். ஆனால் லெந்து வரும் மாசி, பங்குனியில்தான் பனைகள் பாளை விடும். அப்பா பனையேறி. இடுப்பில் அரிவாள்பெட்டி, கையில் கடிப்பு. பாளையைக் கடிப்பால் இதமாக நெரித்து, நுனியைச் சீவி, இறங்கிவிடுவார். மறுநாளும் ஏறுவார். முதல் சில நாட்களுக்கு ஒரு சொட்டும் வராது. அந்த நாட்களில் அவர் ஒரு மரத்தையும் விட்டதில்லை. பிறகு பாளை நுனி ஈரமாகும். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார். விடிலியில் காய்ச்சிய முதல் கருப்பட்டி ஓலைக்கொட்டானில் கோயிலுக்குப் போகும். பருவம் எப்படி இருக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. முதலில் கொடுத்துவிடுவார்.

அந்த ஈஸ்டர் அன்று விடியுமுன் ஊரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். உபதேசியார் ஜெபித்து முடித்து "கர்த்தர் உயிர்த்தெழுந்தார்" என்றபோது நானும் உரக்கப் பதில் சொன்னேன். அப்பாவின் மண்மேட்டருகே நின்றே சொன்னேன்.

திரும்பும் வழியில் தேதிக் கணக்கை அம்மாவுக்கு விளக்கினேன்.

"ரொம்பப் பிந்தி வாறது எப்போ?"

"2038-இல. ஏப்ரல் 25."

"அப்போ பதநி நல்லா எறங்குற நேரம்லா. கோயிலுக்கு வாற எல்லாருக்கும் பட்டையில ஊத்திக் குடுக்கலாம். இப்பமே சொல்லி வை."