ஈறு மஞ்சளானால்

எங்கள் நாய் கறுப்பி வாந்தி எடுத்து, சாப்பாட்டை முகர்ந்தும் பார்க்காமல் படுத்துவிட்டாள். மேலுதட்டைத் தூக்கினால் ஈறு மஞ்சள். பகல் வெளிச்சத்தில் பாருங்க, ட்யூப்லைட்டில் அது சரியாகத் தெரியாது.

மஞ்சள் என்றதும் மாத்தளையில் முதலில் உண்ணிக் காய்ச்சலும் எலிக்காய்ச்சலும்தான் நினைவுக்கு வரணும். 2008இல் எலிக்காய்ச்சல் மனிதரையே வாட்டிய மாவட்டம் இது. நமக்கும் தொற்றலாம் என்பதால் நாயின் மூத்திரத்தை வெறுங்கையால் தொடாதீங்க. ஆனால் கோளாறு பித்தப்பையிலும் இருக்கலாம், இரத்தப் பரிசோதனையோடு நிற்காமல் ஸ்கேனும் கேளுங்க. பித்தப்பைக்குள் சளி கெட்டியாக உறைந்திருந்தால், திரையில் குறுக்கே வெட்டிய கிவிப்பழம் மாதிரித் தெரியும். ஆரம்பத்தில் சில நாய்களுக்கு அர்சோடியாக்சிகோலிக் அமிலமும் கொழுப்புக் குறைந்த உணவும் கைகொடுக்கும். பித்தக்குழாய் அடைத்திருந்தால் அந்த மருந்து கூடாது. பை வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கு முன்பே ஒப்பரேஷன் செய்து பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்பேன். பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடைப் போதனா வைத்தியசாலை நமக்குக் கண்டியைத் தாண்டினால் வந்துவிடும். கைமருந்தில் நாளைக் கடத்தாமல் கூட்டிட்டுப் போங்க, பழைய ரிப்போர்ட்டுகளோடு.