ஆறு நாள் விரதமும் ஏழாம் நாள் ராத்திரியும்

போன வருஷம் கந்த சஷ்டி முடிஞ்சதும், "என்னண்ணே, இளைச்சிட்டீங்க!"ன்னு அன்னதானப் பந்தியில பல பேர் கேட்டீங்க. முருகன் அருள்னு சொல்லிச் சமாளிச்சேன். நடந்ததை இப்போ சொல்லிடறேன்.

நான் விரதம் இருந்தது சாமிக்காக மட்டும் இல்ல. எடை 104 கிலோ. பசி இல்லாமலே சாப்பிடுற பழக்கம் எனக்குப் பல வருஷமா உண்டு. எல்லாருக்கும் பரிமாறி முடிச்சிட்டு, மிச்ச வடையை மடப்பள்ளியில நின்னுக்கிட்டே எண்ணாம தின்பேன். வீட்டுல எல்லாரும் தூங்கினதும் பிஸ்கட், மைலோ தூள், பழைய கோழிக் குழம்பு, எது கிடைச்சாலும் சரி. காலி பாக்கெட்டை மனைவி கண்ணுல படாம குப்பைக்கு அடியில அமுக்கி வைப்பேன். ஆறு நாள் வெறும் தண்ணி குடிச்சா உடம்பும் இறங்கும், வாயும் அடங்கும்னு கணக்குப் போட்டேன்.

முதல் ரெண்டு நாள் தலைவலி. மூணாம் நாள் பசியே தெரியல. கொஞ்சம் கர்வமாகூட இருந்துச்சு. நாலாம் நாள் சாயங்காலம் அபிஷேகத்துக்குப் பால் எடுத்துக் கொடுக்கும்போது கை நடுங்குச்சு, வேர்த்துக் கொட்டுச்சு. நர்ஸா வேலை பார்க்கிற ஒரு தங்கச்சி விரல்ல குத்திப் பார்த்தாங்க. சர்க்கரை 3.1. பட்டினி கிடந்துகிட்டே சர்க்கரை மாத்திரையையும் வழக்கம்போலப் போட்டிருக்கேன், எவ்வளவு புத்திசாலி பாருங்க! சீனித் தண்ணி கொடுத்து உட்கார வச்சாங்க. மிச்ச நாளெல்லாம் பாலும் பழமும்தான்.

சூரசம்ஹாரத்தன்னைக்கு 5 கிலோ குறைஞ்சிருந்துச்சு. மறுநாள் திருக்கல்யாண விருந்து. பாயசம் நாலு தடவை வாங்கினேன். அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபிரிட்ஜ் முன்னால நின்னு, வயிறு வலிக்கிற வரைக்கும் சாப்பிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மூணு வாரத்துல எடை பழையபடி வந்துடுச்சு. ஆறு நாள் சாப்பிடாம இருக்க என்னால முடியுது. ஒரு தட்டோட நிறுத்தத்தான் முடியல.

அப்புறம்தான் மனைவிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "குப்பையைக் கட்டிப் போடுறது நான்தானே, எனக்குத் தெரியாதா?"ன்னாங்க. ரெண்டு பேரும் கிளினிக் போனோம். அவ்வளவு சீக்கிரம் குறைஞ்சதுல பாதிக்கு மேல தண்ணிதான்னு டாக்டர் சொன்னார். பசியில்லாம சாப்பிடுறதுக்கும் வைத்தியம் இருக்குன்னு ஒரு ஆலோசகர்கிட்ட அனுப்பினார். வெட்கமாத்தான் இருந்துச்சு, போயிட்டு வர்றேன்.

இப்போ மடப்பள்ளியில நின்னு சாப்பிடறதில்ல. கடைசிப் பந்தியில உங்களோட இலை போட்டு உட்கார்றேன். எடை 99. சில ராத்திரி இன்னும் வழுக்குது. ஆனா காலையில சொல்லிடறேன்.

இந்த வருஷம் சஷ்டிக்கு நான் ஒருவேளைச் சாப்பாடு, மத்த வேளைக்குப் பால், பழம், டாக்டர்கிட்ட கேட்டாச்சு. சர்க்கரை மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவங்க விரதத்துக்கு முன்னாடியே கேட்டுட்டு வாங்க. அப்புறம், திருக்கல்யாணத்துக்குக் காய் நறுக்க ஆள் பத்தல. காலையில 5 மணிக்கு வாங்க, கத்தி நான் கொண்டு வர்றேன்.

முருகா சரணம்.