மேக்கர், செக்கர், ஒரு கிடார்

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு மேக்கர், செக்கர் என்றால் விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஒருவர் பதிவு போடுவார், இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தருவார். போட்டவரே ஒப்புதல் தரமுடியாது. எத்தனை வருஷ சர்வீஸ் இருந்தாலும் முடியாது. திருப்பதியில் பி.காம். படித்தபோது ஆடிட்டிங் பாடத்தில் இதை நெட்டுருப் போட்டோம். இது கிடார் வாசிக்கவும் உதவும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நாற்பது தாண்டி லீட் கிடார் கற்றுக்கொண்டிருக்கிறேன். இங்கே கனடாவில் பேஸ்மென்ட் வைத்திருக்கும் நம்மவர் வீடுகளில் பாதிக்கு மேல் ஒரு கிடார் மூலையில் நிற்கும். பிள்ளைக்கு வாங்கியது, பிள்ளை வேறெதற்கோ போயிருக்கும். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். பெண் நீச்சலுக்குப் போய்விட்டாள், கிடார் அப்பாவுக்கு வந்துவிட்டது. வீட்டம்மா இதற்கு ஒரு ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறாள், அதை விடுங்கள் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். லீட் என்றால் வேகம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். யூடியூப் முழுக்க விரல் தெரியாத அளவுக்கு ஓடுகிறார்கள். ஆனால் கேட்பவர் மனசில் நிற்பது ஓட்டம் இல்லை. நிறுத்தி இழுக்கிற அந்த ஒரு சுரம்தான். பி.பி. கிங் (2015-ல் காலமானார்) தன் பாட்டுக்கு நடுவே நாலைந்து சுரம்தான் வாசிப்பார், அதிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அவருடைய உறவினர் புக்கா ஒயிட் ஸ்லைடு வைத்து வாசிப்பவர். கிங்குக்கு ஸ்லைடு கைவரவில்லை. அந்த அழுகையை வெறும் விரலிலேயே கொண்டுவரப் பார்த்தார், அப்படிப் பிறந்ததுதான் அவருடைய வைப்ரேட்டோ.

கிடாரில் இந்த இழுப்புக்குப் பெயர் பெண்டிங். தந்தியை அழுத்தி அப்படியே குறுக்கே தள்ளினால் சுருதி ஏறும். நம்ம வீணையில் காலங்காலமாகச் செய்வதுதான். ரொம்பச் சாதாரணமான பெண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டாவது தந்தி, எட்டாவது ஃப்ரெட். அங்கே இருப்பது ஜி, 392 ஹெர்ட்ஸ். அதைத் தள்ளி ஏ-வுக்கு, அதாவது 440-க்குக் கொண்டுபோகணும். ஏ மைனர் பென்டடோனிக் என்று வெள்ளைக்காரர்கள் சொல்லுகிற ஸ்கேல் நமக்கு சுத்த தன்யாசி. ஸ, க, ம, ப, நி, அவ்வளவுதான். அந்தக் கணக்கில் இந்தப் பெண்டு நி-யில் கிளம்பி மேல் ஸ-வில் சேருகிற பயணம்.

இது 440-ல் போய் நின்றால் பாட்டு. 430-ல் நின்றால்? அரை ஃப்ரெட்டுக்குக் கொஞ்சம் குறைவான பள்ளம்தான். ஆனால் கேட்கிறவர் முகம் சுளிக்கும். வாசிக்கிறவருக்கு மட்டும் அது தெரியாது, அதுதான் வேடிக்கை. விரல் வலிக்கிறது, தந்தி எதிர்க்கிறது, மனசோ போகவேண்டிய இடத்தை ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கிறது. அந்த மனசுக்குள் கேட்கிற சுரத்தைத்தான் காதும் கேட்டதாக எடுத்துக்கொள்ளும். மேக்கரே செக்கர் ஆகிவிடுகிறார்.

அதனால் என் பயிற்சி இப்படிப் போகிறது. முதலில் பத்தாவது ஃப்ரெட்டை நேராக அழுத்தி ஸ-வைக் கேட்பேன். வாயால் பாடுவேன் (பேஸ்மென்ட் கதவு மூடியிருக்கும், கவலை வேண்டாம்). பிறகு எட்டாவதில் இருந்து தள்ளி, பாடினதோடு சேர்ப்பேன். தள்ளுவது மோதிர விரல், பின்னால் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் முட்டுக்கொடுக்கும். கட்டைவிரல் கழுத்துக்கு மேலே பிடிமானம். விரலால் தள்ளினால் ஒரு வாரத்தில் மூட்டு வலிக்கும். கதவுக் குமிழைத் திருகுவது மாதிரி மணிக்கட்டைத் திருப்பணும். இருபது தடவை, போனில் பதிவு. அன்றைக்கே கேட்கமாட்டேன். மறுநாள் காலையில் ரயிலில் போகும்போது கேட்பேன். ராத்திரி ஆசை எல்லாம் இறங்கி, காது கொஞ்சம் அந்நியமாகியிருக்கும்.

வைப்ரேட்டோ இன்னும் சிக்கல். சாதாரணமாக அழுத்தின சுரத்தை ஆட்டினால் அது மேலே போய்த்தான் திரும்பும், கீழே போக வழியில்லை. ஆனால் பெண்டு பண்ணி மேலே நிற்கிற சுரத்தை ஆட்டணும் என்றால், கொஞ்சம் தளர்த்திக் கீழே இறக்கி, மறுபடி சரியாக அதே 440-க்கு ஏற்றணும். ஒவ்வொரு ஆட்டத்திலும் வீடு திரும்பணும். மெட்ரோனோமை 60-ல் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு ஆட்டம், பழகினதும் மூன்று, நாலு. கேட்கிறதுக்குச் சலிப்பாக இருக்கும், ஆனால் இதுக்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

என் முதல் செக்கர் ஸ்கார்பரோவில் இருக்கிற ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். அறுபது கடந்தவர், இளமையில் ஊரில் இசைக்குழுவில் வாசித்தவர். சனிக்கிழமை அவர் வீட்டில் ஒரு மணி நேரம். பாராட்டே வராது. "காணாது தம்பி, காணாது" என்பார். போதாது என்று அர்த்தம். எங்க ஊர்த் தமிழில் காணாது என்றால் காணவில்லை. முதல் நாள் எதைத் தேடுகிறார் என்று சுற்றும்முற்றும் பார்த்தேன். "உமக்கு என்னத்துக்கு வேகம்? அந்த ஒரு நோட்டை ஒழுங்காப் பிடியும். பிடிச்சுட்டு, கொஞ்சம் சும்மா இரும்." அந்தச் 'சும்மா இரும்' எனக்கு ஒரு மாதத்துப் பாடம்.

இரண்டாவது செக்கர் அம்மா. சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின பாலசமுத்திரத்தில் இருக்கிறாள். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பஜனையில் இரண்டும். முறையாகச் சங்கீதம் படிக்கவில்லை, எல்லாம் கேள்வி ஞானம். வாட்ஸ்அப்பில் வாசித்து அனுப்புவேன். கிடார் என்ன, ஃப்ரெட் என்ன என்று அவளுக்குத் தெரியாது. ஒருமுறை சொன்னாள்: "போய்ச் சேர்ந்தது சரி நைனா. போன தாரி சரியில்ல." தாரி என்றால் வழி. போனில் இருக்கிற ட்யூனர் சேருமிடத்தை மட்டும்தான் காட்டும். போகிற வழியில் எங்கே தயங்கணும், எங்கே வழுக்கணும் என்று அதற்குத் தெரியாது. நம்ம கமகம் முழுக்க அந்த வழியில்தான் இருக்கிறது.

இதில் பெரிய ஆட்கள் பட்ட பாடு சுவாரஸ்யமானது. ஜான் மெக்லாஃப்லின் 70-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பிறகு 'சக்தி' குழுவுக்காக, ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழியாகக் குடைந்த கிடார் செய்துகொண்டார். வீணையில் மெட்டு உயரமாக இருப்பதால் தந்தியை ஆழமாக அழுத்த முடிகிறதே, அந்த வசதிக்காக. நம்ம பிரசன்னா, ஐஐடி மெட்ராஸில் படித்தவர், மரத்தைக் குடையாத சாதாரண மின்சாரக் கிடாரிலேயே கர்நாடக சங்கீதக் கச்சேரி செய்கிறார்.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கதை. ஆந்திராவில் பாலகொல்லுக்காரர், 1969-ல் பிறந்தவர். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சிஷ்யர். குருவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! அவர் பாடுவார், பையன் அதைத் தந்தியில் கொண்டுவருவான். விரலை எங்கே வைப்பது என்று சொல்ல ஆளில்லை. 'நான் பாடினது வந்ததா, இல்லையா' என்கிற ஒரே கேள்விதான். எட்டுத் தந்தி ஜோடி ஜோடியாக இருக்கிற மாண்டலினில் கமகம் சரியாக வராததால், ஐந்து தனித்தந்தி வைத்த மின்சார மாண்டலினுக்கு மாறினார். பின்னாளில் அதே மெக்லாஃப்லினோடு 'ரிமெம்பர் சக்தி'யில் மேடை ஏறினார். 2014-ல், 45 வயதில் போய்விட்டார். இப்பவும் மனசு ஆறவில்லை.

போன வருஷம் எனக்கு ஒரு குழப்பம் வந்தது. நேராகப் பிடித்த நீண்ட சுரத்தை அனுப்பினால் அம்மா, "ஏன் நைனா இது நடுங்குது?" என்றாள். அண்ணனிடம் போட்டுக் காட்டினேன். "உது நடுங்கேல்லை, நல்லா நிக்குது" என்றார். ட்யூனரும் அவர் பக்கம்தான். இரண்டு செக்கர், இரண்டு தீர்ப்பு. ஒரு வாரம் கழித்துத்தான் தம்பி போனில் சொன்னான், அம்மாவுக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்திருப்பதாக. கொஞ்ச நாளாகவே சரியாகக் கேட்கவில்லையாம், எனக்குச் சொல்லவேண்டாம் என்றிருக்கிறாள்.

விசாரித்தேன். காது மிஷின் பேச்சுக்காகச் செய்தது. அதன் ஒலிபெருக்கிச் சத்தம் அதன் மைக்குக்கே திரும்பிப் போனால் 'கீ' என்று விசில் அடிக்கும், மேடை மைக்கில் நடக்கிற மாதிரி. அதைத் தடுக்க உள்ளே ஒரு ஏற்பாடு உண்டு. நீளமாக ஒரே சுருதியில் நிற்கிற சத்தம் வந்தால் அதையும் விசில் என்று நினைத்து அமுக்கப் பார்க்கும். அம்மாவுக்குக் கேட்ட நடுக்கம் அதுதான். பாட்டுக்கென்று தனி செட்டிங் வைக்கச் சொல்லித் தம்பியை மறுபடி அனுப்பினேன். இப்போது பரவாயில்லையாம். ஆனால் மேல் ஸ்தாயி அவளுக்கு மங்கிக்கொண்டு வருகிறது. அதற்குச் செட்டிங் இல்லை.

அதனால் முறையை மாற்றிக்கொண்டோம். நான் வாசித்து அவள் திருத்துவது போய், அவள் பாடி அனுப்ப நான் வாசிக்கிறேன். கேட்பது குறைந்தாலும் அவள் சுருதி இன்னும் அசையவில்லை. இதுவரை பதினொரு பதிவுகள், எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன். எல்லாமே சின்னச் சின்ன மோகனம்.

இந்த வாரத்துப் பதிவு 28 விநாடி. பின்னால் பஸ் ஹாரனும் கோழியும் கேட்கிறது. நடுவில் ரி-யில் இருந்து க-வுக்கு ஏறும்போது, பாதி வழியில் ஒரு கணம் நின்று, கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறுகிறாள். க வந்துவிட்டது. அந்தப் பார்வை எனக்கு இன்னும் கையில் வரவில்லை. சனிக்கிழமை அண்ணனிடம் போட்டுக் காட்டணும்.