பேரேடும் நிரலும்

அம்பாசமுத்திரத்திலிருந்து நம் தமக்கையார் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், ஊர்ச் செய்திகள் ஓய்ந்த பின் ஒரு கேள்வி தவறாமல் வரும். "அதிருக்கட்டும் தம்பி, பையன் அங்கே என்னதான் வேலை பார்க்கிறான்?" என்பார். "கம்ப்யூட்டர் வேலை அக்கா" என்று நாமும் தவறாமல் விடை கூறுவோம். அவ்விடை அவருக்கும் நிறைவளித்ததில்லை, நமக்கும் நிறைவளித்ததில்லை.

தமக்கையாரின் மகன் சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் மென்பொருள் பொறியாளன். பாலிகஞ்சில் உள்ள நம் இல்லத்தில் தங்கி, காலையில் சென்று இரவில் திரும்புகிறான். நமது சங்கத்து அன்பர்களின் வீடுகளில் இத்தகைய பிள்ளைகள் இல்லாத வீடு அரிது. பெங்களூரிலும் கடல் கடந்த நகரங்களிலும் அவர்கள் செய்யும் தொழில் யாதென்று பெற்றோரைக் கேட்டால், நாம் தமக்கையாருக்குச் சொன்ன விடையைத்தான் அவர்களும் சொல்வார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகப் பணியாற்றும் நாம், அத்தொழிலுக்கும் நமக்கும் ஓர் உறவும் இல்லையென்றே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் மாறிய விதத்தையும், அதன் பொருட்டு நெடுநாள் மறைத்து வைத்திருந்த ஒரு செய்தியை வெளியிட நேர்ந்ததையும் இங்கு எழுதத் துணிகிறோம்.

கணிப்பொறிக்கும் இந்நகருக்கும் உள்ள தொடர்பு பழமையானது. மகலனோபிஸ் அவர்கள் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு 1955ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்திலிருந்து ஒரு கணிப்பொறி வந்து சேர்ந்தது. 1966இல் அந்நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக் கழகமும் கூடி இங்கேயே ஒன்றை உருவாக்கின. அதே காலத்தில், காப்பீட்டு அலுவலகத்தில் கணிப்பொறியை நிறுவக் கூடாதென்று இந்நகரத்து எழுத்தர்கள் போராடியதும் வரலாறு. எந்திரம் வந்தால் எழுத்தனுக்கு இடமில்லை என்று அவர்கள் அஞ்சினார்கள். எழுத்தனின் வழக்கங்களே அந்த எந்திரத்தின் உள்ளே குடியேறப் போகின்றன என்பது அன்று யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

நாம் ஆறேழு வயதில் கண்ட காட்சியொன்று இதற்குச் சான்று. கோடை விடுமுறைக்கு ஊர் செல்ல வேண்டுமென்றால், எம் தந்தையார் விடியுமுன் எழுந்து டிராம் ஏறி டல்ஹௌசி சதுக்கத்துப் பக்கம் சென்று முன்பதிவு வரிசையில் நிற்பார். ஒருமுறை அவர் கைபிடித்து நாமும் சென்றோம். சன்னலுக்கு அப்பால் தடித்த பேரேடுகள் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பக்கம். சென்னை மெயிலுக்கு ஒரு சன்னல், மற்றொரு வண்டிக்கு மற்றொரு சன்னல். எழுத்தர் பெயரை எழுதி, படுக்கை எண்ணைக் குறித்து, சீட்டைக் கொடுப்பார். சென்னையிலிருந்து திரும்புவதற்கான இடத்திற்குத் தந்தி போக வேண்டும். விடை வரும் வரை தாயாருக்கு உறக்கம் வராது.

இப்பணி 1985இல் புதுதில்லியில் கணிப்பொறிக்கு மாறிற்று. 1987இல் இந்நகருக்கும் சென்னைக்கும் வந்தது. 1999இல் நாட்டின் முன்பதிவு நிலையங்கள் அனைத்தும் ஒரே வலையில் இணைக்கப்பட்டன. ஹௌராவிலிருந்து புறப்படுமுன்னரே எழும்பூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வண்டியிலும் இடம் பெற்றுக்கொள்ளலாம் என்ற நிலை வந்தபோது, அது நம்மவர்க்கு எத்தகைய விடுதலை என்பதைப் பிரவாசத் தமிழர் அனைவரும் அறிவர்.

"இதில் என்ன பெரிய கடினம்? பேரேட்டை எந்திரத்தில் ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதானே?" என்று ஒருநாள் இரவு உணவின்போது பையனிடம் கேட்டோம். அவன் சிரித்தான்.

"மாமா, பேரேடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை ஒரு நேரத்தில் ஓர் எழுத்தர்தான் கையில் வைத்திருக்க முடியும். ஆகவே ஒரே படுக்கையை இருவருக்குக் கொடுக்க வழியில்லை. இப்போது ஆயிரம் சன்னல்களில் ஆயிரம் பேர் அதே பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கடைசிப் படுக்கை காலியாக இருப்பதை ஹௌராவில் ஒருவர் பார்க்கிறார். அதே நொடியில் சென்னையில் ஒருவரும் பார்க்கிறார். யாருக்குக் கொடுப்பது?"

ஒருவர் எழுதும்போது அந்த வரியை மட்டும் பூட்டி வைத்து, எழுதி முடித்ததும் திறந்துவிட வேண்டும் என்று அவன் விளக்கினான். பணம் பெறப்பட்டு இடம் குறிக்கப்படுவதற்குள் மின்சாரம் நின்றுபோனால், பாதி நடந்த செயல் நடவாததாகவே கருதப்பட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்கக் கூடாது. பேரேடு என்னும் பொருள் தன் கனத்தாலேயே செய்துவந்த காவலை, நிரல் எழுதுபவன் சிந்தித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அன்று முதல் அவனுடைய தொழில்மீது நமக்கு மதிப்பு உண்டாயிற்று.

இத்தொழிலுக்குப் 'பொறியியல்' என்ற பெயர் நிலைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1968ஆம் ஆண்டு அக்டோபரில், மேற்கு ஜெர்மனியில் கார்மிஷ் என்ற ஊரில் வல்லுநர்கள் கூடினார்கள். நிரல்கள் குறித்த காலத்தில் முடிவதில்லை, செலவு மதிப்பீட்டை மீறுகிறது, முடிந்தாலும் நம்பத்தக்கதாக இல்லை என்பதே அவர்கள் கவலை. பாலம் கட்டுபவன் கணக்கிட்டுக் கட்டுவது போல நிரலையும் ஒழுங்குடன் எழுத வேண்டுமென்ற கருத்து அக்கூட்டத்தில் வலுப்பெற்றது. அதன் பிறகு தோன்றிய ஒழுங்குமுறைகளைப் பையன் ஒவ்வொன்றாக விவரித்தபோது, நமக்கு வியப்பின்மேல் வியப்பாக இருந்தது. அவை யாவும் நாம் அறிந்தவை.

நிரலில் ஒரு வரியை மாற்றினால் யார், எந்நாள், எக்காரணத்தால் மாற்றினார் என்பதைப் பதிவு செய்கிறார்கள். பழைய வரி அழிவதில்லை. இதற்கான கருவியை 1972இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்கள். இன்று பெரும்பாலோர் கையாளும் 'கிட்' என்பதை 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் ஆக்கினார். நாமோ அலுவலகத்தில் பிழையான எழுத்தை அழிக்கலாகாது. பழையது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடிட்டு அடித்து, மேலே திருத்தி எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். இரண்டிற்கும் என்ன வேற்றுமை?

ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் படித்து ஒப்பிய பின்னரே அது நடைமுறைக்கு வரும். இவ்வாய்வை முறைப்படுத்தி ஐ.பி.எம். நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976இல் கட்டுரை எழுதினாராம். எழுத்தர் வரைவை எழுத, பிரிவு அலுவலர் திருத்த, மேலதிகாரி ஒப்பமிட, பிறகே கடிதம் வெளியே செல்லும் என்பது நம் அலுவலகங்களில் தொன்று தொட்ட வழக்கு. ஒரு கடிதத்திற்கு மூன்று கையொப்பம் எதற்கென்று நாம் சலித்துக்கொண்டதுண்டு. ஒரு கண் காணாததை மறு கண் காணும் என்பதே அதன் பொருள்.

பழைய கோப்பிலிருந்து வரைவைப் படியெடுத்துப் புதிய விவகாரத்திற்கு அனுப்புவதும் நாமறிந்த பழக்கம்தான். பழையவரின் பெயரும் பழைய தொகையும் புதிய கடிதத்தில் ஏறிவிட்ட சங்கடங்களை எழுத்தர் எவரும் மறுக்க மாட்டார். இதனால் ஒரு விண்கலமே வெடித்தது என்று பையன் சொன்னபோது நம்பவே முடியவில்லை. 1996 ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பியரின் ஏரியேன் ஐந்து ஏவூர்தி புறப்பட்டு ஒரு நிமிடம் முடியுமுன் சிதறியது. அதற்கு முந்திய ஏரியேன் நான்கில் பழுதின்றி உழைத்த நிரல் பகுதியொன்றைப் புதியதிலும் அப்படியே வைத்திருந்தார்கள். புதியதன் வேகம் பெரிது. அவ்வேகத்தின் எண் அந்தப் பழைய கட்டத்தில் அடங்கவில்லை. நிரல் எழுதப்பட்ட காலத்திற்கு அது சரியாகவே இருந்தது. புதிய இடத்திற்குப் பொருந்துமா என்று சோதிக்காததே பிழை.

இனி நாம் மறைத்த செய்தி. 2004ஆம் ஆண்டு, பணிக்கு வந்த புதிதில் ஊழியர்களின் பணிப்பதிவேடுகளைப் பராமரிக்கும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. கடைநிலை ஊழியர் ஒருவர் பணியில் சேர்ந்த ஆண்டு 1989 என்று எழுதப்பட்டிருந்தது. நியமன ஆணையைப் பார்த்தால் 1985. முன்னிருந்தவர் செய்த பிழை. முறைப்படி குறிப்பெழுதி ஆணை பெற்றுத் திருத்த வேண்டும். அதற்கு நாலைந்து நாளாகும். நாம் பிளேடால் ஒன்பதைச் சுரண்டி, அழகாக ஐந்து எழுதி, பதிவேட்டை மூடிவிட்டோம். நாம் எழுதிய இலக்கம் சரியானது. எழுதிய முறைதான் தவறானது.

2015இல் அவர் ஓய்வு பெற்றார். கணக்கு அலுவலகம் பதிவேட்டைத் திருப்பி அனுப்பியது: இலக்கம் சுரண்டப்பட்டுள்ளது, ஒப்பமில்லை, காரணமில்லை, நான்கு ஆண்டுப் பணியை ஏற்க இயலாது. நியமன ஆணையோ அதற்குள் கிடைக்காமற் போயிருந்தது. அவருக்கு இடைக்கால ஓய்வூதியம் மட்டும் வந்துகொண்டிருந்தது, பணிக்கொடை நின்றுபோயிற்று. அவர் கேனிங் பக்கத்தைச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் வண்டியில் பாலிகஞ்ச் நிலையத்தில் இறங்கி நம் வீட்டிற்கு வந்து, "பாபு, ஏதாவது செய்தி உண்டா?" என்று கேட்பார். பனிக்காலத்தில் ஒருமுறை, மண்சட்டியில் ஈச்சவெல்லம் கொண்டுவந்து கொடுத்தார். தம் காரியத்திற்காக நாம் அலைவதாக அவர் நம்பியிருந்தார். மூன்று மாதம் நாம் வாய் திறக்கவில்லை. அந்த வெல்லத்தை உண்ணவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

பின்னர் ஒருநாள் கோப்பில் குறிப்பெழுதினோம்: இத்திருத்தம் நம்மால், இன்ன ஆண்டில், இன்ன ஆணையைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று. அக்குறிப்பைத் தொடர்ந்து பழைய ஊதியப் பட்டியல்களைத் தேடினார்கள். 1985ஆம் ஆண்டுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அவருக்குரியது கிடைத்தது. நமக்கு எச்சரிக்கைக் குறிப்பாணை கிடைத்தது. வீட்டில் எவருக்கும் இதைச் சொல்லவில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன், துர்கா பூஜையின் அஷ்டமி இரவு. எக்டாலியா பந்தலின் முரசொலி நம் வீட்டுச் சன்னல் வரை கேட்டுக்கொண்டிருந்தது. பையன் மடிக்கணினியின் முன் முகம் வெளுத்து அமர்ந்திருந்தான். விடுமுறையால் அலுவலகத்தில் பாதிப் பேர் இல்லை. விலைப்பட்டியல் நிரலில் ஒரு சிறு பிழையைக் கண்டு, எவரிடமும் காட்டாமல் திருத்தி ஏற்றிவிட்டிருக்கிறான். திருத்தம் சரியானதே. ஆனால் அப்பழைய பிழையை நம்பியே வேறொரு பகுதி எழுதப்பட்டிருந்ததாம். வாடிக்கையாளர் சிலருக்குத் தொகை இருமடங்காகச் சென்றுகொண்டிருந்தது. ஒரு வரியை மாற்றினால் மற்ற வரிகள் அனைத்தையும் மீண்டும் சோதிக்க வேண்டும் என்று நமக்கு முன்பு கற்பித்தவனும் அவனே.

"பழைய நிலைக்குக் கொண்டுவர ஐந்து நிமிடம் போதும் மாமா. ஆனால் நான் செய்தது பதிவில் இருக்கும். அந்தப் பதிவையே மாற்றி எழுதுகிற ஒரு கட்டளையும் உண்டு. அதைக் கொடுத்துவிட்டால், யாரும் கவனிக்குமுன்..." என்று நிறுத்தினான்.

அந்தக் கட்டளை நமக்குப் பிளேடாகத் தெரிந்தது. பதினொன்று ஆண்டுகள் ஒருவருக்கும் தெரியாமலிருந்து, பின்னர் ஓர் ஏழையின் பணிக்கொடையை நிறுத்திய பிளேடு. அவனருகே அமர்ந்து, ஈச்சவெல்லச் சட்டி வரை ஒன்று விடாமல் சொன்னோம். சமையலறை வாயிலில் நின்று துணைவியாரும் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து அவன் நிரலைப் பழைய நிலைக்குத் திருப்பினான்; அத்திருப்பத்தையும் தன் பெயரிலேயே பதிவு செய்தான். பிறகு மேலாளருக்கு நடந்ததை எழுதி அனுப்பினான்.

மறுவாரம் அவன் அலுவலகத்தில் கூடிப் பேசினார்களாம். யார் செய்தது என்பதை அரை நிமிடத்தில் முடித்துவிட்டு, அது நடக்க இடமளித்த வழி எது என்பதை ஒரு மணி நேரம் ஆராய்ந்தார்களாம். மற்றொருவர் ஒப்புதலின்றி எவரும் ஏற்ற முடியாதபடி ஒரு தடையும், அப்பிழையை இனிக் கண்டுபிடிக்கும் ஒரு சோதனையும் சேர்த்தார்கள். தவறியவனைக் கண்டிப்பதோடு நின்றுவிடாமல், தவறும் வழியை அடைக்கிற இந்த வழக்கத்தை மட்டும் நம் அலுவலகங்கள் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

சென்ற மாதம் தமக்கையார் வழக்கம்போல் கேட்டார். "அக்கா, நான் பார்க்கிற வேலையைத்தான் அவனும் பார்க்கிறான். தனக்குப் பின்னால் வருகிறவனுக்குப் புரிகிற மாதிரி எழுதி, கீழே தன் பெயரைப் போடுகிறான்" என்றோம். சற்று நேரம் மறுமுனையில் ஓசையில்லை. "அப்படியென்றால் நல்ல வேலைதான்" என்றார் தமக்கையார். அடுத்து, அவன் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானா என்று விசாரிக்கத் தொடங்கினார்.