பதிவு எண் இல்லாத ஆயுதம்

பிறைநிலா மாதிரி வளைந்த ஒரு கட்டை. ஒரு முனை கனம், மறு முனை லேசு. லேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சில சுற்று சுழற்றி விட்டெறிய வேண்டும். வளரி என்பார்கள், வளைதடி என்றும் பெயர். வைரம் பாய்ந்த மரத்தில் செதுக்கி, வெளி விளிம்பைக் கூராக்குவார்கள். சில வேளை இரும்பிலும் செய்வதுண்டு. தஞ்சை ராஜாவின் ஆயுதசாலையில் யானைத் தந்தத்திலேயே இருந்ததாம். அது வேட்டைக்கா, அழகுக்கா என்பது அரண்மனைக்கே வெளிச்சம்!

புதுக்கோட்டை மன்னரின் ஆயுதசாலையில் மர வளரிகள் எப்போதும் இருப்பில் இருக்கும் என்று 1880-ல் எழுதியவர் குஸ்தவ் ஓப்பர்ட். ஜெர்மானியர், சென்னை மாநிலக் கல்லூரியின் சமஸ்கிருதப் பேராசிரியர். அவருடைய நாட்டு ராணுவம் 1908-ல் ஏற்றுக்கொண்ட லூகர் கைத்துப்பாக்கியை இன்று உலகமெங்கும் தேடிச் சேகரிக்கிறார்கள். எந்த ஆலை, எந்த ஆண்டு என்பதெல்லாம் பெரும்பாலும் இரும்பிலேயே பொறித்திருக்கும். பாகங்களின் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் விலை எகிறும். வளரியில் அப்படி எதுவும் கிடையாது. செதுக்கியவர் யார், வீசிய கை யாருடையது, ஒன்றும் தெரியாது.

ஒரு கையைப் பற்றி மட்டும் எழுத்தில் பதிவு இருக்கிறது. 1795-ல் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கைச் சீமையின் சின்ன மருது. தேர்ந்த கை வீசினால் 100 கஜத்துக்குள் குறி தப்பாது என்கிறார் வெல்ஷ். ஆறு வருடம் கழித்து, அந்தக் குருவைக் காட்டு விலங்கைப்போல விரட்டிய படையில் அவரும் இருந்தார். தொடை எலும்பு முறிந்து மருது சிறையில் கிடந்ததையும், பிறகு தூக்கில் தொங்கியதையும் பார்த்தார். 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் அதைத் துயரத்தோடு எழுதியிருக்கிறார். தூக்கிலிட்டது திருப்பத்தூரில், 1801 அக்டோபர் 24. அந்தப் போரில் புதுக்கோட்டைத் தொண்டைமான் கம்பெனியின் பக்கம் நின்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

போர் முடிந்ததும் பாளையங்களில் ஆயுதங்களுக்குத் தடை வந்தது. 1909-ல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் நூலில் புதுக்கோட்டை திவானின் குறிப்பு ஒன்று இருக்கிறது: வளரி வீசத் தேர்ந்தவர்கள் சமஸ்தானத்தில் இப்போது யாரும் இல்லை, முயல், காட்டுக்கோழி வேட்டைக்கு எப்போதாவது எடுப்பதோடு சரி. மற்றபடி அது கள்ளர், மறவர் வீடுகளின் பூஜை அறையில், மற்ற பழைய ஆயுதங்களோடு கிடந்தது. ஆயுத பூஜையன்று வெளியே எடுத்து, சுரண்டித் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்துவிடுவார்கள்.